முதல் குடும்பக் கேரவன், கையில் பணம் கொஞ்சம்: ஆறு படுக்கை வண்டி எடுக்கலாமா?

மார்ச் 2, கேள்வி

"அண்ணா, நாங்கள் நாலு பேர். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 5. பதினெட்டு வருடப் பழைய கேரவன் ஒன்று மலிவாக வருகிறது. ஆறு பேர் படுக்கலாம். போய்ப் பார்த்தோம். உள்ளே பளபளவென்று, வாசனையாக இருக்கிறது. கையில் இருப்பதையெல்லாம் துடைத்துப் போட்டால் சரியாக அந்த விலை வந்துவிடும். எங்கள் கார் சாதாரணக் குடும்பக் கார். எடுத்துவிடலாமா?"

மார்ச் 2, இரவு

வேண்டாம். காரணத்தை நாளை எழுதுகிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

மார்ச் 3

கேரவன் என்றதும் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி நினைவுக்கு வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர். நாம் பேசுவது அதை இல்லை. எஞ்சின் கிடையாது, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற சின்ன வீடு.

தம்பி, உங்கள் கேள்வியில் மூன்று இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு படுக்கை. வாசனை. துடைத்துப் போடுவது. மூன்றையும் பேசலாம், ஆனால் முதலில் கார். எந்தக் கேரவன் வாங்குவது என்பதைப் பாதிக்கு மேல் உங்கள் கார் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. உங்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

புதிதாக இழுக்கிறவர்களுக்குப் பழைய கைகள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கார் 1400 கிலோ என்றால் கேரவன் 1190 கிலோவுக்குள். இது சட்டம் இல்லை, புத்திமதி. கனமான வால் லேசான நாயை ஆட்டத் தொடங்கினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் சொன்னது. விற்பவரிடம் கேரவனின் வெற்று எடையைக் கேளுங்கள், காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள்.

சாமான் ஏற்றும்போது கனமானதை முன்பக்கம் வையுங்கள். மாட்டு வண்டிக்கு முன்பாரம் பின்பாரம் பார்ப்பது மாதிரிதான். பின்பாரம் ஏறினால் வண்டி ஆடும்.

மார்ச் 3, பின்னிரவு

படுத்த பிறகு உறைத்தது. மேலே தப்பாக எழுதிவிட்டேன். ஒப்பிட வேண்டியது கேரவனின் வெற்று எடையை இல்லை, முழுச் சுமையோடு அதற்கு அனுமதித்த எடையை. கதவருகே ஒரு தகட்டில் அல்லது ஒட்டுத்தாளில் போட்டிருப்பார்கள். காருக்கு வெற்று எடை, கேரவனுக்கு முழு எடை. இரண்டையும் நமக்குப் பாதகமான பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டால்தான் கணக்கு நம்மைக் காப்பாற்றும்.

இன்னொன்று. 85 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் போதாது. காரைத் தயாரித்தவர் இவ்வளவுதான் இழுக்கலாம் என்று ஓர் எல்லை வைத்திருப்பார். பல கார்களில் கதவுச் சட்டத்திலோ எஞ்சின் பக்கமோ உள்ள தகட்டில் நாலு எடைகள் வரிசையாக இருக்கும்: காரின் முழு எடை, காரும் இழுவையும் சேர்ந்த எடை, முன் அச்சு, பின் அச்சு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். வருவதுதான் எல்லை. சில கார்களில் இரண்டாவது எண்ணே இருக்காது. அப்படியானால் அந்தக் கார் இழுக்கவே செய்யப்பட்டதில்லை. கொக்கி மாட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மார்ச் 5

எண்கள் அனுப்பியதற்கு நன்றி. கார் 1420 கிலோ. அந்த ஆறு படுக்கை வண்டி வெறுமையாக 1290, முழுச் சுமையில் 1500. நான் முதலில் தப்பாகச் சொன்ன கணக்குப்படியே 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. சரியான கணக்கில் 105. காரைவிடக் கனமான வீடு. உங்கள் உச்சவரம்பு 1207 கிலோ. அந்த வண்டியை மறந்துவிடுங்கள், விற்பவர் என்ன தள்ளுபடி தந்தாலும்.

வெற்று எடைக்கும் முழு எடைக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் சாமானுக்கான இடம். சிறிய நாலு படுக்கை வண்டிகளில் இது 150 கிலோ அளவில் இருக்கும். 150 கிலோ என்றதும் நிறைய என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு நாள் குளியலறைத் தராசை வாசலில் போட்டு ஒவ்வொன்றாக நிறுத்தேன். எரிவாயு உருளை 14. பேட்டரி 22. முன்கூடாரம் (வாசலில் கட்டும் துணிக்கூடாரம்) கம்பிகளோடு 25. மடக்கு நாற்காலி, மேசை 16. பாத்திரம் பண்டம் 10. படுக்கை விரிப்பு, போர்வை 15. தண்ணீர்க் குடம், கழிவுநீர்க் குடம், மின்கம்பி, சக்கரப் பூட்டு எல்லாம் சேர்த்து 12. கூட்டினால் 114. இன்னும் ஒரு துணி எடுத்து வைக்கவில்லை. மீதி 36 கிலோவுக்குள் நாலு பேர் உடுப்பும் சின்னவனின் பொம்மையும் அடங்க வேண்டும். அதனால் கனமானதைக் காரில் ஏற்றுங்கள் (காருக்கும் எல்லை உண்டு). தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஓட்டாதீர்கள். 40 லிட்டர் என்றால் 40 கிலோ. போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

மார்ச் 5, சற்றுக் கழித்து

ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு எடை வரை இழுக்கலாம் என்பது இடத்துக்கு இடம், சில இடங்களில் உரிமம் வாங்கிய வருடத்துக்கு வருடம்கூட மாறும். காப்பீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மார்ச் 8

வாசனைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுவேன், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் இது.

என் முதல் கேரவனைப் பார்க்கப் போனபோது விற்பவர் எங்களுக்காக உள்ளே ஹீட்டர் போட்டு வைத்திருந்தார். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. எலுமிச்சை வாசனை கமகமவென்று. எவ்வளவு அக்கறையான மனிதர் என்று வீட்டுக்காரி சொன்னாள். அக்கறைதான். மக்கின வாடை எங்கள் மூக்குக்கு எட்டிவிடக் கூடாது என்கிற அக்கறை. வாங்கி மூன்றாவது வாரம் மழை பிடித்தது. முன் மூலையில் இருக்கைக்கு அடியில் வைத்திருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கினால் அடிப்பாகம் கையோடு வரவில்லை. உள்சுவரை விரலால் அழுத்தினேன், ஈரக் கெட்டி அட்டை மாதிரி அமுங்கியது. மெல்லிய தாளுக்குப் பின்னால் மரச்சட்டம் கறுத்து, கிள்ளினால் நார் நாராக வந்தது.

வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினால் பூச்சு உதிரும், வருடக் கணக்கில் தள்ளிப்போடலாம். பழைய கேரவனில் ஓதம் ஏறினால் எலும்பு உளுத்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே மரச்சட்டம், வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, இரண்டுக்கும் நடுவில் தெர்மோகோல் மாதிரி ஒரு காப்பு. தகடும் தகடும் சேரும் மூலைகளில் ஓர் அலுமினியப் பட்டையை வைத்துத் திருகியிருப்பார்கள். முன்கூடாரத் துணியைக் கோர்ப்பதும் அந்தப் பட்டையில்தான். திருகு ஒவ்வொன்றும் ஒரு துளை. அதற்கு அடியில் உள்ள பசை இளக்கமாக இருக்கும் வரை தண்ணீர் உள்ளே போகாது. வருடம் ஏற ஏறப் பசை காய்ந்து வெடிக்கும், வண்டியோ ஓட ஓட முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு தண்ணீருக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே பார்க்கப் போகும்போது மெத்தையைத் தூக்குங்கள். எல்லா அலமாரிக்குள்ளும் தலையை விடுங்கள். மூலைகள், ஜன்னலின் அடிவிளிம்பு, கூரைத் திறப்பைச் சுற்றி, விளக்குகளுக்குப் பின்புறம். உள்தாளில் கரும்புள்ளி, அலை அலையாகப் புடைப்பு, ஆணிகளைச் சுற்றித் துருக்கறை இருந்தால் கை குலுக்கிவிட்டு வந்துவிடுங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் புதுத்தாள் ஒட்டியிருந்தால் அதற்குப் பின்னால்தான் கதை இருக்கிறது. நல்ல மழைக்கு மறுநாள் போவது உத்தமம். முன்கூட்டிச் சொல்லி ஹீட்டர் போட வைக்காதீர்கள்.

வாசனை தூக்கலாக இருந்தால் விற்பவரைச் சந்தேகப்படுங்கள் என்று சொல்ல வரவில்லை. இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மார்ச் 9

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். பயமுறுத்திவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு திருத்தம்.

எல்லா ஈரமும் கசிவு இல்லை. நாலு பேர் மூடிய பெட்டிக்குள் இரவெல்லாம் மூச்சு விட்டால் காலையில் ஜன்னலில் நீர் வழியும். மெத்தையின் அடிப்பக்கம்கூட நனைந்திருக்கும். துடைத்துவிட்டுக் காற்றாட விட்டால் போய்விடும். கசிவு துடைத்தாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும், பெரும்பாலும் ஒரு மூலையிலிருந்து கிளம்பும். ஜன்னலில் நீர் வழிகிறதே என்று யாரும் தரையிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். அவற்றை வடிவமைப்பாளர் மறதியில் விட்டுவைக்கவில்லை. உள்ளே எரிவாயு எரிகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான எச்சரிக்கை மணி ஒன்று முதல் நாளே வாங்குங்கள். கரி அடுப்பை மழைக்காகக் கூடாரத்துக்குள் எடுத்து வருவது, அணைந்துவிட்டது என்று உள்ளே வைப்பது, இரண்டும் ஆளைக் கொல்லும்.

இரண்டாவது, ஓதமானி. சுவர் மரத்தில் எவ்வளவு ஈரம் என்று காட்டும், இரண்டு முள் உள்ள சின்னக் கருவி, விலை பெரிதில்லை. 15 சதவீதம் வரை நிம்மதி. 15க்கும் 20க்கும் நடுவில் கண் வைத்திருக்க வேண்டும். 20 தாண்டினால் எங்கோ தண்ணீர் வருகிறது. 30 தாண்டினால் மரம் மக்கத் தொடங்கியிருக்கும். முதலில் நடுவில் இருக்கும் ஓர் அலமாரிக் கதவில் வைத்துப் பாருங்கள், உலர்ந்த மரம் என்ன காட்டுகிறது என்று தெரியும். சுவருக்குப் பின்னால் உலோகம் இருந்தால் எண் பொய் சொல்லும். ஒரே எண்ணைப் பார்த்து ஓடாதீர்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே ஏறுகிறது என்று பாருங்கள்.

18, 19 காட்டும் வண்டி எனக்குச் சம்மதம்தான். பட்டையைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு வைத்தால் பல வருடம் ஓடும். அந்த வேலையை விலையில் கழித்துக் கேளுங்கள்.

வாசலருகே தரை மெத்து மெத்தென்று அமுங்கினால் அது வேறு வியாதி. பிளைவுட், நடுவில் நுரை, மறுபடி பிளைவுட் என்று ஒட்டிய தரை அது. நடந்து நடந்து ஒட்டு விட்டிருக்கும். துளை போட்டு ரெசின் என்கிற பசையை ஏற்றி ஒட்டலாம், மானம் போகிற விஷயம் இல்லை.

மார்ச் 12

படுக்கை. "நாலு பேருக்கு ஆறு படுக்கை இருந்தால் தாராளமாக இருக்குமே" என்கிறீர்கள். படுக்கை எண்ணிக்கை என்பது இரவுக் கணக்கு. பகலில் அதே இடத்தில்தான் மேசை, அதே இடத்தில்தான் இருக்கை. விளம்பரத்தில் ஆறு என்று போட்டிருந்தால் அதில் இரண்டு, மேசையை இறக்கி மேலே மெத்தைகளைப் புதிர்க்கட்டம் மாதிரி அடுக்கினால் வருவது. இரவு பத்தரைக்குத் தூங்கி வழியும் பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு அந்தப் புதிரை அவிழ்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், தினமும் பிரித்துப் போடும் படுக்கை குடும்பத்தில் சண்டை வளர்க்கும். நிலையான கட்டில் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு: ஒரு பக்கம் பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில், எதிர்ப்பக்கம் பெரியவர்களுக்கு இருக்கையாகவும் படுக்கையாகவும் மாறுவது. பிள்ளைகள் முதலில் தூங்கிவிட்டால் நீங்கள் கிசுகிசுத்துக்கொண்டு விளக்கணைத்து உட்கார வேண்டியதில்லை. கீழ்க்கட்டில் அடியில் சாமான் போகும். அடுக்குக் கட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, பெரியவளுக்கு 9 என்றால் அடுத்த ஐந்து வருடத்தை நினைத்து நீளத்தையும் அளந்து பாருங்கள்.

நாங்கள் இரண்டாவது வண்டி வாங்கும்போது செய்தது இது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு நாலு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அரை மணி நேரம். வெளியே மழை கொட்டுகிறது என்று பாவனை. ஒருவர் சமைக்கிற மாதிரி நிற்க வேண்டும், ஒருவர் கழிவறைக்குப் போக வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும். எட்டாவது நிமிடத்தில் என் இடுப்பு அடுப்பு முனையில் இடித்தது. பதினைந்தாவது நிமிடத்தில் மூத்தவன் தம்பி மேல் காலைப் போட்டான். அந்த வண்டியை வாங்கவில்லை. அடுத்ததில் அரை மணி போனதே தெரியவில்லை, அதை வாங்கினோம். விற்பவர் எங்களை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

மார்ச் 12, இரவு

மேலே முரண்படுகிறேன் என்று வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள். நிலையான கட்டில் வேண்டும் என்றேன், பிறகு பெரியவர்களுக்கு மாறும் படுக்கை என்றேன். 1207 கிலோவுக்குள் அடுக்குக் கட்டிலும் பெரியவர்களின் நிலையான கட்டிலும் உட்கார இடமும் மூன்றும் வராது. இரண்டுதான் கிடைக்கும். பிள்ளைகளுக்கு நிலையானது கொடுங்கள், உங்களுடையதை நீங்கள் பிரித்துப் போடுங்கள். முன்பக்கம் எதிரெதிரே நீள இருக்கை உள்ள வண்டியில் ஆளுக்கொன்றில் அப்படியே நீட்டிப் படுத்துவிடலாம், புதிர்க்கட்டமே வேண்டாம்.

சின்னவன் கீழே படுக்கட்டும். மேலே படுப்பேன் என்று அழுவான். அழட்டும்.

மார்ச் 13

குடும்பம், கேரவன் என்றதும் இது நினைவு வந்தது. ஜெர்மனியில் ஆரிஸ்ட் டெட்லெஃப்ஸ் என்பவர் சாட்டையும் பனிச்சறுக்குக் கழியும் செய்யும் குடும்பத் தொழிலில் ஊர் ஊராகச் சுற்றி விற்றவர். மனைவி ஃப்ரிடெல் ஓவியர். பிரிந்து பிரிந்து இருக்க முடியாமல் 1931இல் காருக்குப் பின்னால் இழுக்க ஒரு சக்கர வீட்டைத் தானே செய்தார், அதில் ஓவியக் கூடமும் அடக்கம். "வீட்டுக் கார்" என்று பெயர். பிறகு அதுவே தொழிலாகி அவர் பெயரில் இன்றும் வண்டிகள் வருகின்றன. அந்த அம்மாள் எந்தக் கட்டிலை எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்கு அறிய ஆசை.

மார்ச் 15

"கையில் இருப்பதெல்லாம் துடைத்துப் போட்டால்." யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கடன் கேட்ட கதை ஆகிவிடும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வண்டி விலையில் சேர்க்காமல் ஒதுக்குங்கள். காருக்கு இழுவைக் கொக்கி, விளக்கு இணைப்பு மின்கம்பி. கேரவன் காரைவிட அகலம், அதனால் நீட்டுக் கண்ணாடிகள். பேட்டரி. எரிவாயு உருளை, புதுக் குழாய், அழுத்தச் சீராக்கி. டயர். காப்பீடு. நிறுத்த இடம் இல்லையென்றால் அதற்கு வாடகை. முன்பக்க முக்கோணச் சட்டத்தையும் சேர்த்துத்தான் நீளம் அளக்க வேண்டும். விளம்பரத்தில் அறையின் நீளத்தை மட்டும் போட்டிருப்பார்கள், ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும்.

பேட்டரி என்றால் கார் பேட்டரி இல்லை. காருக்கானது ஒரு நொடி ஓங்கி அடிக்கச் செய்தது. இங்கே தேவை மெதுவாக, நீண்ட நேரம் கொடுப்பது. ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிட்டுப் பழகினால் சீக்கிரம் சாகும்.

மார்ச் 16

"மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கினால் மிச்சத்துக்கு ஓட்டை வண்டிதான் கிடைக்கும்" என்கிறீர்கள். நியாயம். கொக்கி காரில் ஏற்கெனவே இருக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறீர்கள், அப்படியானால் கால் பங்கு போதும். அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

இன்னொரு குட்டு. மார்ச் 3இல் கனமானதை முன்பக்கம் வையுங்கள் என்று எழுதியிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். தப்பு. கனமானது சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக. லேசானது மேல் அலமாரியில். இப்படி ஏற்றிய பிறகு கொக்கியின் மேல் விழும் மூக்குப் பாரம் கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை இருக்க வேண்டும். 1130 கிலோ வண்டிக்கு 57 முதல் 79 கிலோ. கார், கொக்கி, கேரவனின் அடிச்சட்டம் மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு, எது குறைவோ அதுதான் எல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு முறை சைக்கிள்களைப் பின்னால் கட்டி, பின்பக்க அலமாரியில் டப்பா டப்பாவாக அடைத்துக்கொண்டு இறக்கத்தில் போனேன். லாரி ஒன்று தாண்டிப் போனது. அது தள்ளிய காற்றில் கேரவன் ஒரு ஆட்டம், பிறகு இன்னொரு ஆட்டம், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிசு. கண்ணாடியில் ஒருமுறை இடப்பக்கச் சுவர், மறுமுறை வலப்பக்கச் சுவர். பிரேக்கை ஓங்கி மிதிக்கத்தான் கால் போகும். மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானாகக் குறைய விட வேண்டும். அன்று எனக்கு அறிவு வேலை செய்யவில்லை, கால் பயத்தில் அப்படியே தூக்கிக்கொண்டது. அதுவே சரியான செயலாகப் போய்விட்டது.

மார்ச் 20

எரிவாயு, மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. குளிரில் போவதானால் புரொப்பேன் வாங்குங்கள். பியூட்டேன் தண்ணீர் உறையும் நிலைக்குக் கிட்ட, -0.5 பாகையிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் -42 வரை தாங்கும். கேரவன் நிறுத்தித் தங்கும் முகாம்களில் தரும் மின் இணைப்பு 10 ஆம்பியர் என்றால், 230 வோல்ட்டில் மொத்தம் 2300 வாட். வீட்டில் இருக்கும் வேகக் கெட்டில் ஒன்றே அதை விழுங்கிவிடும். எங்கள் முதல் இரவில் கெட்டிலையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டு இருட்டாக்கினோம். பக்கத்து வண்டிக்காரர் டார்ச்சோடு வந்து, "கெட்டிலா?" என்று மட்டும் கேட்டார்.

குளிர்சாதனப் பெட்டி வீட்டில் இருப்பது மாதிரி இல்லை. சத்தமே போடாது. 1922இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பிளாட்டனும் முன்டர்ஸும் கண்டுபிடித்த முறை, சூடு கொடுத்துக் குளிர வைப்பது. அம்மோனியாவையும் தண்ணீரையும் சூட்டால் பிரித்து மறுபடி சேர விடுகிறார்கள், மோட்டார் கிடையாது. அதனால் எரிவாயுவிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும், கார் ஓடும்போது 12 வோல்ட்டிலும் ஓடும். உள்ளே திரவம் தன் பாரத்திலேயே இறங்கி ஓட வேண்டும், ஆகவே வண்டி சமமட்டமாக நிற்க வேண்டும்.

மார்ச் 28

நீங்கள் பார்த்த நாலு படுக்கை வண்டி, வெறுமையாக 980, முழுச் சுமையில் 1130. உங்கள் காருக்கு 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் உள்ளே. எண்ணில் குறை இல்லை. ஓதமானி ஒரு மூலையில் மட்டும் 19. விலையில் கேளுங்கள்.

டயரில் கட்டை (தரையைப் பிடிக்கும் மேல்வரிகள்) நிறைய இருக்கிறது, புதுசு மாதிரி என்று விற்பவர் சொன்னாராம். கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று வெயிலில் வெடித்துச் சாகும். பக்கவாட்டில் நாலு இலக்கம் தேடுங்கள். 2816 என்றால் 2016ஆம் வருடத்தின் 28ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றுங்கள்.

வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? சில வண்டிகளில் ஜன்னலிலும் பொறித்திருப்பார்கள். ஒரு ஜன்னலில் சுரண்டியிருந்தால் பேசாமல் வந்துவிடுங்கள், திருட்டு வண்டி ஓதத்தைவிட மோசம். ஜன்னல்களில் கீறல், விரிசல் உண்டா என்றும் பாருங்கள். அக்ரிலிக் ஜன்னல், பழைய மாடலுக்குத் தேடிக் கிடைப்பது கஷ்டம்.

ஏப்ரல் 4

ஒரு வாரமாக மனசு கேட்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் ஒரு வார இறுதிக்கு ஏதாவது ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துத் தூங்கிப் பாருங்கள் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மறந்தே போனேன். மடக்குக் கேரவன் என்று ஒன்றும் இருக்கிறது. இழுக்கும்போது தாழ்வான பெட்டி, நிறுத்தியதும் துணிச்சுவரோடு விரியும். எடையும் விலையும் குறைவு, காற்றுப் பிடிக்காது. ஈரத்தோடு மடித்து வைத்தால் துணி பூசணம் பிடிக்கும், வீட்டுக்கு வந்து மறுபடி விரித்துக் காய வைக்க இடம் வேண்டும். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் ஒருவேளை அதைத்தான் வாங்குவேன். வீட்டுக்காரி இல்லை என்று தலையாட்டுகிறாள்.

ஏப்ரல் 19

வாங்கிவிட்டீர்கள்! அந்த 980 கிலோ வண்டியே. மூலை 19க்காக விலையில் குறைத்தார், டயருக்காகவும் குறைத்தார் என்று கேட்டு எனக்கே கிடைத்த மாதிரி இருக்கிறது.

பின்னால் எடுப்பது: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். யோசித்தால் குழம்பும், யோசிக்காமல் செய்யுங்கள். காலியான மைதானத்தில் ஒரு மணி நேரம், வீட்டாரை ஏற்றாமல். கொக்கி மாட்டியதும், கேரவன் கழன்றுபோனால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் பாதுகாப்புக் கம்பியை மாட்ட மறக்க வேண்டாம். உங்களுடையது ஆட்டத்தை அடக்கும் உராய்வுக் கொக்கியா? அப்படியானால் காரின் கொக்கியில் உள்ள பந்தில் கிரீஸ் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. சாதாரணக் கொக்கிக்குத்தான் கிரீஸ். புது டயர் போட்டதால் 50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

முதல் பயணம் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கட்டும். எதையாவது மறந்திருப்பீர்கள்.

மே 3

"அண்ணா, முதல் ராத்திரி. குளிர்சாதனப் பெட்டி குளிரவே இல்லை. ஏமாந்துவிட்டோமா?"

வண்டி சமமட்டமாக நிற்கிறதா? ரசமட்டம் இல்லையென்றால் மேசை மேல் கோலிக்குண்டு வைத்துப் பாருங்கள்.

மே 4

குண்டு நேரே போய் அடுப்படியில் விழுந்ததாம். உங்கள் வீட்டுத் தங்கச்சிதான் வண்டியை நிமிர்த்தினாராம், காலையில் பெட்டிக்குள் பால் சில்லென்று இருந்ததாம். மூலை எண் இன்னும் 19தான் காட்டுகிறது. நல்லது.

ஒரே ஒரு சந்தேகம். எப்படி நிமிர்த்தினீர்கள்? சக்கரத்துக்கு அடியில் சாய்வுக் கட்டை வைத்து ஏற்றினீர்களா, இல்லை மூலைக் கால்களைத் திருகித் தூக்கினீர்களா? இரண்டாவது என்றால் இப்போதே இறக்குங்கள். அது ஆடாமல் நிற்க வைக்கும் கால், ஜாக்கி இல்லை.